உப்புக் காற்றும் பழைய சரக்கு வண்டியும்

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரையில் நீண்டு கிடக்கும் தூத்துக்குடிக் கடற்கரையில் காற்று எந்நேரமும் உப்பைச் சுமந்தே வீசுகிறது. அந்த உப்பு இம்மாவட்டத்திற்கு வாழ்வளிப்பது என்பதை யாவரும் அறிவர். தருவைகுளம், வேப்பலோடை, முள்ளக்காடு, ஆறுமுகநேரி முதலிய இடங்களிலுள்ள உப்பளங்கள் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. முத்துக்குளிப்பினால் உலகப் புகழ் பெற்றிருந்த இக்கரையில், 1961-ஆம் ஆண்டுக்குப் பின் பெரிய அளவில் அத்தொழில் நடைபெறவில்லை. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. மீனும் உப்பும் துறைமுக வேலையும் இன்று இக்கரையின் பிழைப்பாக இருக்கின்றன.

ஆனால் மனிதனுக்கு வாழ்வளிக்கும் அதே உப்பு, இரும்புக்கும் செம்புக்கும் தீராப் பகை. இதனால் நேரடியாக நஷ்டமடைபவர் பழைய சரக்கு வண்டி வைத்திருக்கும் சிறு விவசாயியும் மீன் வியாபாரியுமாவர். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தாரும், ஆத்தூர் வெற்றிலையும், உடன்குடிக் கருப்பட்டியும், விளாத்திகுளத்து மிளகாயும், கரையில் இறங்கும் மீனும் சந்தையை அடைவதற்குப் 'பிக்கப்' எனப்படும் சிறு சரக்கு வண்டிகளே பெரிதும் துணை செய்கின்றன. அவற்றுள் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவை. இரண்டு மூன்று கை மாறியவை. அவற்றின் என்ஜின் இன்னும் உறுதியாக இருக்கும். மின் இணைப்புகளே அடிக்கடி தகராறு செய்யும். அக்குறைகளைக் காசு விரயமின்றிக் கண்டுபிடிக்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு விவசாயியின் நஷ்டம்

ஏரலுக்கு அருகில் வாழை பயிரிடும் ஒரு விவசாயி பழைய டீசல் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். விடியற்காலை மூன்று மணிக்குத் தார்களை ஏற்றிச் சாவியைத் திருப்புகிறார். 'டிக்' என்னும் ஓசை கேட்கிறது. செல்ப் மோட்டார் சுழலவில்லை. நான்கு பேரைக் கூட்டித் தள்ளி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறார். சந்தைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் தாருக்கு விலை குறைந்துவிடுகிறது.

மறுநாள் பாட்டரி பழுதென்று எண்ணிப் புதியது வாங்குகிறார். இரண்டு வாரம் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. பிறகு மீண்டும் அதே 'டிக்' ஓசை. இம்முறை செல்ப் மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்க்கிறார்கள். அதற்கும் பயன் இல்லை. அடுத்து, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர் மாற்றப்படுகிறது. ஒரு பருவத்து இலாபம் கரைந்த பிறகு, என்ஜினையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று களிம்பேறி அறுந்து, இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக் கொண்டிருப்பதை யாரோ ஒருவர் பார்க்கிறார். எல்லாத் தொல்லைக்கும் அப்பட்டையே காரணம்.

இது கற்பனையாகச் சொல்லப்பட்டதாயினும், கடற்கரைப் பட்டறைகளில் அன்றாடம் காணக்கூடியதே. குற்றம் சாமானில் இல்லை, சாமான்களை இணைக்கும் இடத்தில் இருக்கிறது. இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மின்சாரம் திரும்பிவரும் வழி

வாய்க்காலில் விட்ட நீர் வயலோடு நின்றுவிடும். மின்சாரம் அப்படிப்பட்டதன்று. பாட்டரியிலிருந்து புறப்பட்டது விளக்கிலோ மோட்டாரிலோ வேலை செய்துவிட்டு, புறப்பட்ட பாட்டரிக்கே திரும்பிவர வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் போகும் வழியும் நின்றுவிடும்.

ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று அமைத்தால் செலவு மிகும். ஆகவே மோட்டார் வண்டிகளில் போகும் வழிக்கு மட்டும் கம்பி போட்டு, திரும்பும் வழியாக வண்டியின் இரும்பு உடலையே பயன்படுத்துகின்றனர். இதையே பட்டறைகளில் 'எர்த்' என்பர். பாட்டரியின் குறை முனை (நெகட்டிவ்) ஒரு தடித்த கம்பியால் அடிச்சட்டத்துடன் சேர்க்கப்பட்டிருக்கும். என்ஜினோ ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் செல்லாது. ஆதலால் என்ஜினுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே தனியாக ஒரு பட்டை வேண்டும். நமது விவசாயியின் வண்டியில் அறுந்திருந்தது அப்பட்டைதான்.

செல்ப் மோட்டாரும் ஆல்டர்நேட்டரும் என்ஜினிலேயே பொருத்தப்பட்டவை. பட்டை கெட்டால் செல்ப் மோட்டாருக்கு வலு குறையும். ஆல்டர்நேட்டர் அனுப்பும் மின்சாரமும் பாட்டரியில் முழுமையாக ஏறாது. புதிய பாட்டரியும் இரண்டு வாரத்தில் சோர்ந்துபோனதற்கு இதுவே காரணம். இத்தகைய வண்டியில் மின்சாரம் வேறு வழி தேடி ஆக்சிலரேட்டர் கம்பி, கிளச்சுக் கம்பி முதலியவற்றின் வழியாகவும் பாயும். செல்ப் போடும்போது அக்கம்பிகள் சூடேறினால் எர்த் கெட்டிருக்கிறது என்று ஐயமின்றிக் கொள்ளலாம்.

சிறு தடை, பெரு நஷ்டம்

"முன்விளக்கு நன்றாக எரிகிறதே, பிறகு இணைப்பில் என்ன குறை இருக்க முடியும்?" என்று பலர் கேட்பர். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இதற்கு விடை தருகிறது. ஓர் இணைப்பில் வீணாகும் வோல்ட், அங்குள்ள தடையையும் அதன் வழிப் பாயும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகையாகும்.

களிம்பேறிய இணைப்பு ஒன்றின் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 55 வாட் முன்விளக்குகள் இரண்டும் எரியும்போது சுமார் 9 ஆம்பியர் பாயும், வீணாவது 0.09 வோல்ட் மட்டுமே. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. செல்ப் மோட்டாரோ 200 ஆம்பியர் கேட்கும். அப்போது அதே இணைப்பில் 2 வோல்ட் வீணாகும். 12 வோல்ட் பாட்டரியில் 2 வோல்ட்டை இழந்தபின் குளிர்ந்த டீசல் என்ஜினைச் சுழற்றுவது எங்ஙனம்? ஆகவே விளக்கு எரிவதைக் கொண்டு இணைப்பு நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்தல் தவறு.

தடை மேலும் வளர்ந்தால் விளக்கும் மங்கும். விளக்குக்குச் சேரும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோர் இருளில் சாலையோரமாக நடந்து வருவதை நாம் அறிவோம். அவர்களுக்கு எதிரே மங்கிய விளக்குடன் பாரம் ஏற்றிய வண்டி வருவது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின் இணைப்பைப் பேணுவது உயிர் காக்கும் கடமையுமாகும்.

உப்பு எப்படி உள்ளே நுழைகிறது?

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டியதும் நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடற்கரையில் இரவு நேரத்தில் ஈரம் இவ்வளவுக்கு உயர்வது வழக்கமே. உப்பளத்து உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்புகளோ இதனினும் குறைந்த ஈரத்திலேயே கசியும். இக்கசிவு செம்புக் கம்பியின் இழைகளுக்கிடையே ஊறிச் சென்று பச்சைக் களிம்பை உண்டாக்குகிறது. மேலுறை பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். உள்ளே கம்பி கறுத்து இற்றுப் போயிருக்கும்.

மீன் வண்டிகளுக்குக் கேடு இன்னும் அதிகம். பனிக்கட்டி உருகிய உப்புநீர் பலகை இடுக்குகள் வழியே வடிந்து, அடிச்சட்டத்திலும் பின்விளக்குகளின் எர்த் முனையிலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

சோதனை செய்யும் முன்

மல்டிமீட்டர் ஒன்று, பாட்டரித் திராவகத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று, 12 வோல்ட் பல்பும் இரு கம்பிகளும் கொண்ட சோதனை விளக்கு ஒன்று, ஸ்பேனர்கள், உப்புத்தாள், கம்பித் தூரிகை ஆகியவை போதும்.

பாட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிப்படும். ஆகவே அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். பாட்டரியைக் கழற்றும்போது குறை முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டுக. கூட்டு முனையை (பாசிட்டிவ்) முதலில் கழற்ற முற்பட்டு ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுவிட்டால் பெரும் தீப்பொறி எழும்.

சோதனையின் வரிசை

1. கண்ணாலும் கையாலும் பார்த்தல். பாட்டரி முனைகளில் வெள்ளை அல்லது நீலப்பச்சைப் பொடி படிந்துள்ளதா, கம்பி கையால் அசைத்தால் ஆடுகிறதா, எர்த் பட்டை முழுமையாக உள்ளதா என்று பார்க்கவும். குறைகளில் பல இங்கேயே வெளிப்பட்டுவிடும்.

2. பாட்டரி. வண்டி சில மணி நேரம் ஓய்ந்து நின்ற பிறகு முனைகளில் அளக்கவும். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பாட்டரி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கே மீதி. ஹைட்ரோமீட்டரில் எல்லா அறைகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் 0.050 அளவுக்குக் குறைந்தால் அந்த அறை கெட்டதென அறியலாம். நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கடற்கரைக் கிணற்று நீர் பாட்டரிக்கு நஞ்சு.

3. செல்ப் போடும்போது பாட்டரியின் நிலை. கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, என்ஜின் கிளம்பாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துக்கொண்டு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் பாட்டரி முனைகளில் அளக்கவும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நன்கு நிறைந்த பாட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பாட்டரியை ஐயுறலாம். முனைகளில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்க, செல்ப் மோட்டார் மட்டும் முனகினால், பாட்டரி குற்றமற்றது; வழியில் தடை இருக்கிறது.

4. எர்த் சோதனை. இதுவே மிக முக்கியமானது. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் குறை முனையிலும், மற்றதை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்ப் போடவும். 0.2 அல்லது 0.3 வோல்ட் வரை காட்டினால் கவலையில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பிறகு முனைக்கும் கவ்விக்கும் இடையே, கவ்விக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே, அடிச்சட்டத்துக்கும் என்ஜினுக்கும் இடையே என்று துண்டு துண்டாக அளந்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். பாட்டரியின் கூட்டு முனைக்கும் செல்ப் மோட்டாருக்கும் இடையிலும் இவ்வாறே அளக்கலாம்.

5. மின்னேற்றம். என்ஜின் சற்று விரைவாக ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்கும் கீழே இருந்தால் பெல்ட், இணைப்புகள், பின்னர் ஆல்டர்நேட்டர் என்ற வரிசையில் பார்க்கவும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பாட்டரி நீர் விரைவில் வற்றும்.

6. விளக்குகள். பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? பல்பை மாற்றுவதால் பயனில்லை. அவ்விளக்குக் கூட்டின் எர்த் கெட்டிருக்கிறது. கூட்டின் இரும்பிலிருந்து அடிச்சட்டத்துக்குத் தற்காலிகமாக ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

7. இரவுக் கசிவு. மாலையில் நன்றாயிருந்த பாட்டரி காலையில் இறங்கிவிட்டால், எல்லாவற்றையும் அணைத்துக் குறை முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டரைப் பத்து ஆம்பியர் அளவில் வைக்கவும். இந்நிலையில் செல்ப் போடுதல் கூடாது, மீட்டர் கெட்டுவிடும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் தவறில்லை. அரை ஆம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி வீணாகும். 75 ஆம்பியர்-மணிப் பாட்டரி மூன்று நாட்களில் பாதியாகிவிடும். பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க, எதை எடுத்ததும் கசிவு நிற்கிறதோ அந்த வழியிலேயே குற்றம். எதிலும் நிற்காவிட்டால் ஆல்டர்நேட்டர் கம்பியைக் கழற்றிப் பார்க்கவும்.

பழுது நீக்கும் முறை

இணைப்பைக் கழற்றி, இரு பக்கமும் இரும்பு பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கமாக முடுக்க வேண்டும். வர்ணத்தின் மேல் முடுக்கிய எர்த் எர்த்தாகாது. முடுக்கிய பிறகே மேலே வாசலைன் அல்லது கிரீஸ் பூசுக. பாட்டரி முனைப் பொடியை வெந்நீரில் கரைத்த ஆப்பச்சோடாவால் கழுவலாம். கரைசல் பாட்டரியின் அறைகளுக்குள் புகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

களிம்பேறிய கம்பியைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இரு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவது இக்கரையில் ஒரு மழைக்காலத்துக்குக்கூடத் தாங்காது. தக்க லக்கு வைத்து அழுத்தியோ ஈயம் பற்றவைத்தோ இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுக. எர்த் பட்டை பழையதானால் செல்ப் கம்பிக்கு நிகரான தடிமனுள்ள புதிய கம்பியை என்ஜினுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே போடுவது நலம். மேலே கண்ட விவசாயி செலவழித்த தொகையில் இது மிகச் சிறு பங்கே.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்தலாகாது. அறுந்த பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட்டுத் தாளையோ வைப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். பியூஸ் அறுவது நோயின் அறிகுறி, நோயைத் தேடுக.

கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டியுள்ள புதிய வண்டிகளில் கண்ட கம்பியில் சோதனை விளக்கை வைத்தல் கூடாது. அதைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுக. எந்த வண்டியிலும் வெல்டிங் செய்யுமுன் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

வருமுன் காத்தல்

மீன் அல்லது உப்பு ஏற்றிய நாளில், இரவு வண்டியை நிறுத்துமுன் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவுக. நீரை வேகமாகப் பீய்ச்சி இணைப்புகளுக்குள் ஏற்றிவிடலாகாது. பனிக்கட்டி நீர் பின்விளக்குகளின் மேல் வடியாமல் ஒரு குழாய் அமைத்து வெளியேற்றலாம். மாதம் ஒரு முறை பாட்டரி முனைகளையும், மழைக்காலத்துக்கு முன் எல்லா எர்த் இணைப்புகளையும் பார்த்து விடுக.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி பெருகி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் நீரில் மூழ்கியதையும் நாம் மறக்க இயலாது. அவ்வாறு நீரில் மூழ்கிய வண்டியைக் கண்டதும் சாவியைத் திருப்புவது பெருந்தவறு. முதலில் பாட்டரியின் குறை முனையைக் கழற்றுக. என்ஜினுக்குள் நீர் புகுந்திருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்து, இணைப்புகள் திறந்து உலர்த்தப்பட்ட பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியது

சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆயினும் ஆண்டுக்கு நாலைந்து முறை பயன்படும் பொருளை ஒவ்வொருவரும் வாங்குவதைவிட, ஊருக்கு ஒரு மீட்டரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் பொதுவில் இருந்தால் எல்லோருக்கும் உதவும். கிராம சபைக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்து, ஊர்க் கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ அவற்றை வைத்திருக்க ஏற்பாடு செய்யலாம். அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர் ஒருவரை அழைத்து, ஊரிலுள்ள பழைய வண்டி ஒன்றையே நிறுத்தி வைத்து, அரை நாள் செயல்முறை விளக்கம் நடத்தினால் பத்து இளைஞர்கள் இவ்வேலையைக் கற்றுக்கொள்வர். ஊராட்சியின் குப்பை வண்டிகளுக்கும் அந்த அறிவு பயன்படும்.

இன்னொரு கடமையும் உண்டு. பழைய பாட்டரியில் ஈயமும் திராவகமும் இருக்கின்றன. அதை உடைத்துத் திராவகத்தை நிலத்தில் கொட்டினால் கிணறும் குழந்தைகளும் கெடுவர். மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரி மறுசுழற்சிக்குப் போய்ச் சேர வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும். இதை உறுப்பினர்கள் மக்களுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

கடற்கரையில் வாழும் நாம் உப்புக் காற்றைத் தடுத்து நிறுத்த முடியாது. அது எங்கே புகும், என்ன செய்யும் என்பதை அறிந்து முந்திக்கொள்ள முடியும். அடுத்த முறை விடியற்காலையில் 'டிக்' என்னும் அவ்வோசை கேட்டால், பணப்பையைத் தேடுமுன் மீட்டரைத் தேடுங்கள். பாட்டரியைக் கழற்றுமுன் எர்த் பட்டையைப் பாருங்கள். தாரும் மீனும் நேரத்தில் சந்தை சேரும். உழைத்த காசும் கையில் நிற்கும்.